மவுண்ட் மெக்ரே ஷேல்: 250 கோடி ஆண்டுப் பழைய கடலின் நைட்ரஜன் அளவீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பூமி தோன்றிச் சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் பாதி முழுக்கக் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லும்படி எதுவும் இருக்கவில்லை. சுமார் 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது காற்றில் நிலையாகச் சேரத் தொடங்கியது. அதற்கு முந்தைய கடலில் இரும்பு கரைந்து கிடந்தது. அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் மட்டுமே வாழ்ந்தன. புரதம் கட்டவும் டிஎன்ஏ கட்டவும் அவற்றுக்கும் நைட்ரஜன் வேண்டும். அது எங்கிருந்து கிடைத்தது, கடலுக்குள் என்னென்ன வடிவம் எடுத்தது என்ற கேள்விக்கு நேரடிச் சாட்சி எதுவும் இல்லை. அந்தக் கடலின் அடியில் படிந்து கல்லாகிப்போன சேறு மட்டும்தான் மிச்சம்.

இன்றைய கடலில் நடப்பது இது. சில நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியமாக மாற்றுகின்றன. வேறு சில, ஆக்சிஜனைக் கொண்டு அந்த அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழும் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டைச் சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜனே இல்லாத கடலில் நடுவில் உள்ள படி அறுந்துபோகும். அம்மோனியம் உயிருக்குள் போகும், உயிர் செத்து அழுகினால் மறுபடி அம்மோனியமாகவே வெளியே வரும். மின்னல் வெட்டில் உருவாகும் கொஞ்சநஞ்ச நைட்ரேட்டை விட்டுவிட்டால், நைட்ரேட் இருந்தது என்பதே எங்கோ ஆக்சிஜன் இருந்தது என்பதற்கு அடையாளம்.

இதைக் கல்லில் படிக்க ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், உதவுகின்றன. நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவை நிறை எண் 14 கொண்டவை. காற்றில் சுமார் 0.37 விழுக்காடு மட்டும் 15. காற்றின் விகிதத்தைச் சுழியமாக வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை ஆயிரத்துக்கு இத்தனை, அதாவது பெர் மில் கணக்கில் சொல்வார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் மோலிப்டினம் கலந்த நொதி இந்த விகிதத்தை அதிகம் குலைப்பதில்லை. அப்படி வளர்ந்த உயிரின் எச்சம் ஏறக்குறைய -2 முதல் +1 வரை நிற்கும். நைட்ரேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்களோ எடை குறைந்த நைட்ரேட்டை முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது கனமாகிறது. அதனால்தான் இன்றைய கடல் நைட்ரேட்டின் சராசரி +5 பக்கம் நிற்கிறது. அந்தக் கனமான மிச்சத்தை உண்டு வளர்ந்த உயிர்கள் செத்து அடியில் படிந்தால் சேறும் அதே எண்ணைச் சுமக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. நைட்ரேட் முழுவதும் தீர்ந்துபோனால் கனமான மிச்சம் என்று எதுவும் இருக்காது, அடையாளமும் இருக்காது. பாதியில் நின்றால்தான் தெரியும். ஆகவே பழைய பாறையில் எண் சுழியத்தருகே இருப்பதைப் பார்த்து ஆக்சிஜன் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எண் கனமாக இருந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று பேச ஆரம்பிக்கலாம்.

கல் எடுத்தது: 2004

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி படுகை இரும்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன இடம். பட்டை பட்டையான இரும்புப் பாறைகளுக்குக் கீழே மவுண்ட் மெக்ரே ஷேல் என்ற கருத்த களிப்பாறை அடுக்கு இருக்கிறது. தரையில் தெரியும் பகுதி வெயிலிலும் மழையிலும் காற்றிலும் சிதைந்திருக்கும். 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வேதியியலை அங்கே தேடுவது வீண். அதனால் ஓர் ஆய்வுக் குழு 2004-ல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் துளையிட்டு, கோர் எனப்படும் உருளைக் கல்லை எடுத்தது. இந்த நிகழ்வு முழுவதும் அந்த ஒரே கோரைச் சுற்றித்தான் நடக்கிறது.

கவனம் குவிந்த பகுதி சுமார் 125 முதல் 153 மீட்டர் ஆழம் வரை உள்ள மேல் ஷேல் அடுக்கு. கன்னங்கரிய கல், கரிமப் பொருள் நிறைந்தது, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் மின்னுவது. இதைத் தேர்ந்தெடுத்ததில் தெளிவான யோசனை இருந்தது. சுண்ணாம்புக்கல்லும் ஷேலும் மாறி மாறி வரும் இடத்தில் எண் ஏறி இறங்கினால், மாறியது கடலா, கல்லின் வகையா என்று பிரிப்பது கஷ்டம். ஒரே மாதிரியான ஷேல் தொடர்ந்து கிடைக்கும் இடத்தில் அந்தக் குழப்பம் குறைவு. நல்ல முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

கண்டது: 2007 முதல் 2009 வரை

முதலில் வந்தது நைட்ரஜன் இல்லை, உலோகம். 2007-ல் வெளியான கட்டுரை, இந்த அடுக்கில் மோலிப்டினமும் ரீனியமும் திடீரென்று கூடுவதைக் காட்டியது. சாதாரணப் புவியோட்டுப் பாறையில் மோலிப்டினம் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. இங்கே உச்சத்தில் சுமார் 40. நிலத்துப் பாறைகளில் கந்தகக் கனிமங்களுக்குள் அடைந்துகிடக்கும் மோலிப்டினம், அந்தக் கனிமங்கள் ஆக்சிஜன் பட்டுச் சிதையும்போது வெளியேறி ஆற்றோடு கடலுக்குப் போகும். ஆக, கடல் சேற்றில் மோலிப்டினம் கூடினால் நிலத்தின் மேல் கொஞ்சமாவது ஆக்சிஜன் இருந்திருக்கும் என்பது வாதம். ரீனியம் மெல்ல ஆஸ்மியமாகச் சிதைவதை வைத்து வயது சொல்லும் ரீனியம்-ஆஸ்மியம் முறையில் கணக்கிட்டபோது இந்தச் செறிவின் வயது 250.1 கோடி ஆண்டு என்று வந்தது; பிழை 80 லட்சம் ஆண்டு மட்டுமே. அதாவது உலோகம் சேறு படிந்தபோதே சேர்ந்தது, பிற்பாடு நுழைந்தது அல்ல என்று குழு முடிவு செய்தது. காற்றில் ஆக்சிஜன் நிலைபெறுவதற்கு 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே ஆக்சிஜன் வாடை ஒருமுறை வீசிப் போயிருக்கிறது என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. அதே நேரத்தில் கந்தக ஐசோடோப்புகளைப் பார்த்த இன்னொரு கட்டுரையும் அதே திசையைக் காட்டியது.

நைட்ரஜன் அளவீடு 2009-ல் வந்தது. இதைச் செய்யும் முறை வெளியிலிருந்து பார்த்தால் எளிது. கல்லை மாவாக அரைத்து, கார்பனேட்டை அமிலத்தால் நீக்கி, சின்னத் தகரக் குப்பியில் வைத்து மடித்து, ஆயிரம் டிகிரி அளவில் கொதிக்கும் உலைக்குள் போடுவார்கள். நொடிப்பொழுதில் எரிந்து வரும் வாயுக்களில் நைட்ரஜனை மட்டும் பிரித்து, எடைவாரியாக எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பி, நிறை 28 (14+14) எவ்வளவு, 29 (14+15) எவ்வளவு என்று எண்ணுவார்கள். இவ்வளவு பழைய ஷேலில் நைட்ரஜன் மிகச் சொற்பம் என்பதால் மாவு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வெளிக்காற்று துளி கசிந்தாலும் எண் சுழியத்தை நோக்கி நழுவிவிடும். பொறுமை கேட்கும் வேலை.

கிடைத்த எண்கள் இவை: ஏறக்குறைய 30 மீட்டர் கனத்துக்குள் +1.0-லிருந்து +7.5 வரை ஏறி, மறுபடி +2.5-க்கு இறங்குகிறது. ஏற்றம் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது. ஏறி இறங்கியதுதான் விஷயம். கல் பிற்காலத்தில் சூடானதால் இலேசான நைட்ரஜன் வெளியேறிக் கனமானது தங்கியது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் 30 மீட்டருக்குள் இருக்கும் கற்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் பட்டிருக்கும். சூடு மட்டும் காரணமென்றால் வளைவு இப்படி ஏறி இறங்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

கனமான நைட்ரஜனுக்கு வேறு விளக்கங்களும் உண்டு. கடலில் அம்மோனியம் ஏராளமாக இருந்து, நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மிச்ச அம்மோனியம் கனமாகும். இதற்கு ஆக்சிஜனே தேவையில்லை. காரத்தன்மை மிகுந்த நீரிலிருந்து அம்மோனியா ஆவியாகப் பறந்தாலும் மிச்சம் கனமாகும். அதே ஆஸ்திரேலியாவில் சுமார் 272 கோடி ஆண்டுப் பழைய டம்பியானா பாறைகளில் +50 வரை போகும் எண்கள் கிடைத்திருக்கின்றன. கார ஏரியிலிருந்து அம்மோனியா பறந்ததுதான் அதற்குக் காரணம் என்பது அங்கே வலுவான விளக்கம்.

2009 குழு இந்தப் பாதைகளை விட்டு, நைட்ரேட் உருவாகிப் பகுதியளவு செலவானது என்ற விளக்கத்தை ஏற்றது. தனி எண்ணை வைத்துச் சொல்லவில்லை. நைட்ரஜன் மாற்றத்தை மோலிப்டினத்தோடும் கந்தக ஐசோடோப் மாற்றத்தோடும் சேர்த்துப் படித்தார்கள். மூன்று வெவ்வேறு தனிமங்கள், மூன்று வெவ்வேறு வேதிவினைகள், ஒரே ஷேல், ஒரே கதை. கடலின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சிறிது கூடியது. அதைக் கொண்டு நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கின. கீழே ஆக்சிஜன் இல்லாத நீரில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்தன. அப்படியென்றால் இரண்டு வகை நுண்ணுயிர்களும் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பரிணமித்திருக்க வேண்டும்.

அன்று கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: நைட்ரஜன் விளக்கம் தன் பலத்தில் பாதியை மோலிப்டினத்திடம் கடன் வாங்கியிருந்தது.

தொடர்ந்து வந்தவை

2009-ல் தென்னாப்பிரிக்காவின் பழைய கடல் படிவுகளிலிருந்தும் நைட்ரஜன் அளவீடுகள் வந்தன. அந்தக் கட்டுரை எழுப்பிய யோசனை என்னை இன்றும் விடவில்லை. அம்மோனியம் நிறைந்த கடலில் ஆக்சிஜன் கொஞ்சமாகத் தோன்றினால் முதலில் நடப்பது உயிருக்கு நன்மையல்ல. அம்மோனியம் நைட்ரேட் ஆகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இல்லாத நீர் என்பதால் நைட்ரேட் உடனே வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. கடலின் உணவு இருப்பு குறைகிறது. ஆக்சிஜனை வெளியிட்ட சயனோபாக்டீரியாவுக்கே சாப்பாடு தட்டுப்படுகிறது. அதனால் ஆக்சிஜன் உற்பத்தியும் தளர்கிறது. ஆக்சிஜன் தோன்றியும் காற்றில் நிலைபெற இவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்ற கேள்விக்கு இது ஒரு பதிலாக இருக்கலாம். மெக்ரே ஷேலில் எண் ஏறிப் பின் இறங்கியதோடு இது பொருந்தியும் வந்தது.

2015-ல் வந்த ஆய்வு 320 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில், மோலிப்டினம் நொதி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்ததற்கான அடையாளத்தைக் காட்டியது. 2017-ல் தென்னாப்பிரிக்காவின் 231 கோடி ஆண்டுப் படிவுகளில், ஆக்சிஜன் காற்றில் சேர்ந்த காலத்தையொட்டி, நைட்ரேட்டை நம்பிய சுழற்சி தொடங்கியது பதிவானது. அந்தப் பத்தாண்டில் மெக்ரே ஷேல் ஒரு அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. புதிதாக எந்தப் பாறையை ஆய்ந்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள்.

2022: அதே கல், வேறு கண்

பிறகு இன்னொரு குழு அதே கோரை எடுத்து, மாவாக்காமல் பார்த்தது. கல்லைக் கண்ணாடித் தகடு போல மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியிலும், சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர் கொண்டும், அயனிக் கற்றை கொண்டும் புள்ளி புள்ளியாக ஆய்ந்தது. எந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது, அந்தக் கனிமம் எப்போது வந்தது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

பார்த்தது இது. அந்தக் கரிய கல் பெரும்பாலும் இரண்டு பொருள்களால் ஆனது: கரிமப் பொருளும் எரிமலைச் சாம்பலும். சாம்பலே மோலிப்டினத்தைக் கொடுத்திருக்க முடியும். நிலத்தில் கனிமம் ஆக்சிஜன் பட்டுச் சிதைய வேண்டிய தேவையே இல்லை. அப்புறம் விரிசல்கள். சேறு புதைந்து சூடேறியபோது கரிமப் பொருள் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறி, வெளியேற வழி தேடிக் கல்லைப் படுகைவாக்கில் பிளந்திருக்கிறது. மயிரிழைப் பிளவுகள். பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த சுடுதிரவங்கள் அந்தப் பிளவுகள் வழியாக ஊடுருவிக் கல்லின் வேதியியலை மாற்றியிருக்கின்றன. அண்மைக் காலத்தில் ஆக்சிஜன் உள்ள நீரும் அதே வழியில் நுழைந்திருக்கிறது. சாம்பலில் இருந்த சிர்கான் படிகங்களின் யுரேனியம்-ஈய வயது, சேறு மிக மிக மெதுவாகப் படிந்தது என்று காட்டியது.

அவர்களின் முடிவு கடுமையானது. ஆக்சிஜன் வாடை என்று படிக்கப்பட்ட மொத்த அளவீடுகள், சேறு படிந்த பிறகு நடந்தவற்றால் உருவானவை. ஆரம்பத்திலேயே உருவான பைரைட்டில் கந்தக ஐசோடோப் ஆக்சிஜனற்ற காற்றின் முத்திரையைத் தாங்கியிருக்கிறது. அவ்வளவு மெதுவாகப் படிந்த சேற்றிலும் கரிமப் பொருள் மட்காமல் குவிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கடலில் ஆக்சிஜன் இருந்ததாகச் சொல்ல இடமில்லை என்றார்கள்.

முதல் குழு சும்மா இருக்கவில்லை. 2023-ல் அதே இதழில் மறுப்பு வந்தது, அதற்குப் பதிலும் வந்தது. ரீனியம்-ஆஸ்மியம் வயது இந்த விவாதத்தில் லேசில் தள்ளிவிடக்கூடியதல்ல: திரவங்கள் உள்ளே புகுந்து உலோகங்களைக் கலைத்துப் போட்டிருந்தால், சேறு படிந்த காலத்தையே காட்டும் நேர்த்தியான வயதுக்கோடு எப்படிக் கிடைத்தது? எதிர்த் தரப்பின் நுண்ணோக்கிப் படங்களும் அப்படித்தான். விரிசலும் சாம்பலும் கண்ணுக்குத் தெரிகின்றன. விவாதம் முடியவில்லை.

நைட்ரஜன் எண்ணின் இன்றைய நிலை

இந்தச் சர்ச்சையில் பேச்செல்லாம் மோலிப்டினத்தைச் சுற்றியே ஓடுகிறது. நைட்ரஜனின் கதி என்ன என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஷேலில் நைட்ரஜன் இரண்டு இடங்களில் தங்கும். ஒன்று கெரோஜென், அதாவது செத்த நுண்ணுயிர்களின் மட்காத எச்சம். இன்னொன்று களிமண், மைக்கா போன்ற கனிமங்கள். எச்சம் அழுகும்போது வெளியேறும் அம்மோனியம் பொட்டாசியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கெரோஜெனுக்குள் இருப்பது அதிகம் நகராது. களிமண்ணில் உட்கார்ந்தது அப்படியல்ல. பொட்டாசியம் மிகுந்த திரவம் ஓடினால் அம்மோனியம் வெளியேற்றப்படலாம், வேறிடத்து அம்மோனியம் உள்ளே வரவும் வரலாம். விரிசல்கள் உள்ள அடுக்கில் திரவம் கூடுதலாகவும் விரிசல் இல்லாத அடுக்கில் குறைவாகவும் ஓடியிருக்கும். இப்போது முன்பு சொன்ன வாதத்தைத் திரும்பிப் பாருங்கள். 30 மீட்டருக்குள் சூடு ஒன்றுதான். ஆனால் திரவ ஓட்டம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஏறி இறங்கும் வளைவைத் திரவ ஓட்டமும் வரைந்திருக்கக்கூடும்.

அதற்காக +7.5 பொய் என்று சொல்லவில்லை. உலோகத்தை நகர்த்திய திரவம் நைட்ரஜனையும் ஆறு பெர் மில்லுக்கு மேல் நகர்த்தியது என்று காட்டினால்தான் அது விழும். என் மதிப்பீட்டில், நைட்ரேட் விளக்கம் இன்னும் நிற்கிறது, ஆனால் மோலிப்டினத்தின் தோளில் சாய்ந்து நிற்க முடியாது. தன் காலில் நிற்க வேண்டும்.

அப்படித் தன் காலில் நிற்கும் சாட்சி வேறொரு பாறையில் இருக்கிறது. 2018-ல் வெளியான ஆய்வு, அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜீரினா பாறை அடுக்கைப் பார்த்தது. வயது சுமார் 266 கோடி ஆண்டு, மெக்ரேயை விடப் பழையது. அங்கே கரையோரக் கடலில் படிந்ததும் ஆழ்கடலில் படிந்ததுமாக வெவ்வேறு கோர்கள். மொத்தக் கல்லையும் கெரோஜெனில் கட்டுண்ட நைட்ரஜனையும் தனித்தனியாக அளந்தார்கள். கரையிலும் ஆழத்திலும் +4 முதல் +6 வரை எண் இடையிடையே ஏறுகிறது. இன்னொரு விஷயம்: மோலிப்டினம் போலவே நிலத்துக் கனிமங்கள் ஆக்சிஜன் பட்டுச் சிதையும்போது வெளிவரும் செலினியம் கரையோரக் கோரில் கொஞ்சம் கூடியது, ஆனால் செலினியம் ஐசோடோப்பில் நைட்ரஜனோடு சேர்ந்த மாற்றம் இல்லை. கடலின் மேல்நீரில் ஆக்சிஜன் இருந்திருக்கலாம், நிலத்தை அதிகம் அரிக்கும் அளவுக்குக் காற்றில் இருந்திருக்காது என்று இதைப் படிக்கலாம். நைட்ரஜனும் உலோகமும் ஒரே கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தேவையில்லாதது என்பதை இந்தப் பாறைதான் எனக்குப் புரியவைத்தது. சயனோபாக்டீரியா அடர்ந்த நீரில் ஆக்சிஜன் உருவான இடத்திலேயே அம்மோனியத்தில் செலவாகியிருக்கலாம். காற்றுக்கு ஒரு துளியும் போகாமலே நைட்ரேட் உண்டாகியிருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது

வேலையின் வரிசை மாற வேண்டும். மெக்ரே கோரில் முதலில் மாவாக்கிய கல்லின் எண்கள் வந்தன; கல்லின் நுண்ணமைப்பைப் புள்ளிவாரியாகப் பார்த்த ஆய்வு, கோர் எடுத்துப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வெளியானது. இடைப்பட்ட காலத்தில் அந்த எண்களின் மேல் ஏராளமான கட்டுரைகள் கட்டப்பட்டுவிட்டன. சீவிப் பார்த்து, விரிசல் எங்கே, சாம்பல் எங்கே என்று குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் எந்தத் துண்டை அரைப்பது என்று முடிவு செய்வதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. சிங்க்ரோட்ரான் நேரம் கிடைப்பது அரிது, சரி. சாதாரண நுண்ணோக்கியும் ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கியும் இருந்தாலே விரிசலைப் பார்த்துவிடலாம்.

நைட்ரஜனுக்கென்று இன்னொரு நிபந்தனை: கெரோஜென், களிமண் கனிமம் இரண்டையும் பிரித்து அளக்காமல் மொத்தக் கல்லின் எண்ணை மட்டும் வைத்துக் கடலைப் பற்றிப் பேசக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. விலகினால் அந்த விலகலே திரவ ஓட்டத்தின் தடயம். பொட்டாசியம் அளவையும் பக்கத்திலேயே கொடுத்தால் படிப்பவர் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரே கோர் போதாது என்பதும் இங்கே தெளிவு. கடல் முழுவதும் மாறியிருந்தால் பல கிலோமீட்டர் தள்ளி எடுத்த கோரிலும் அதே மாற்றம் தெரிய வேண்டும். விரிசல் வழி வந்த திரவம் என்றால் இடத்துக்கு இடம் வேறுபடும். மெக்ரே ஷேல் ஹேமர்ஸ்லி படுகையில் பரந்து கிடக்கிறது. அதே மேல் ஷேல் அடுக்கை வேறிடத்தில் துளைத்து, கெரோஜென் நைட்ரஜனை மட்டும் அளந்தால், +7.5 கடலுடையதா கல்லுடையதா என்பதற்கு இப்போது இருப்பதைவிட நேரான பதில் கிடைக்கும்.